வடக்கில் வாமதேவன் கடை

வாமதேவன் அண்ணைக்குப் பாரிஸ் லா சப்பலில் என்ன வேலை என்று கேட்டால் மரக்கறிக் கடையில் வேலை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் அவருடைய வேலை சுற்றுவது.

ஞானசுந்தரம் அண்ணையின் கடை ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவின் மேல் முனையில், என் சலூனுக்கு நேர் எதிரே இருக்கிறது. விடிகாலையில் ரூன்ஜிஸ் சந்தையிலிருந்து வாமதேவன் அண்ணை வான் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு வருவார். நிறுத்த இடம் இருக்காது. இரண்டு பெட்டி கத்தரிக்காய் இறக்குவதற்குள் பின்னால் நிற்கிறவன் ஹோர்ன் அடிப்பான். உடனே வானை எடுத்துக்கொண்டு ரயில் நிலையப் பக்கமாகப் போய், மெத்ரோ பாலத்துக்குக் கீழே திரும்பி, மறுபடி கடை வாசலுக்கு வருவார். இன்னும் இரண்டு பெட்டி. மறுபடி ஹோர்ன். மறுபடி ஒரு சுற்று. எங்கள் தெருவைச் சுற்றிப் பிள்ளையார் தேர் வருடத்தில் ஒரு தடவை வரும். வாமதேவன் அண்ணை நாள்தோறும் வருகிறார் என்று சலூனில் பகிடி சொல்வார்கள்.

இளந்தாரியாக அந்த வானில் ஏறியவர். தலை நரைத்தும் இறங்கவில்லை. சொந்தமாக ஒரு கடை வைக்கவேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை எதுவும் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. ஆனால் லா சப்பலில் ஒரு கதவு அகலத்துக்குக் கடை எடுப்பதும் சந்திரனில் காணி வாங்குவதும் ஒன்றுதான். மனைவி கோசலை அக்கா பாரிஸ் புறநகரான எபினேயில் ஒரு பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் வேலை செய்தார். மகள் யசோதினி ஒரு காப்புறுதி அலுவலகத்தில். வீட்டில் அப்பா தமிழில் கேட்பார், மகள் பிரெஞ்சில் பதில் சொல்லும், அம்மா இரண்டையும் கலந்து திட்டுவார்.

அந்த யசோதினிதான் ஒருநாள் கைபேசியைக் கொண்டுவந்து அப்பாவின் மூக்குக்கு முன்னால் பிடித்தது. அரசாங்கம் வடக்கிலே தூரத்தில் கிடக்கும் கிராமங்களுக்கு உயிர் கொடுக்கப் போகிறதாம். ரோடு போட்டாகிவிட்டது, விளக்குப் போட்டாகிவிட்டது, கடைக்காரர்தான் இல்லை.

"அப்பா, ரெகார்த். கடை கிராத்துவி. மேல்வீடும் கிராத்துவி."

ரெகார்த் என்றால் பார், கிராத்துவி என்றால் இலவசம். அந்தச் சொல்லை வாமதேவன் அண்ணை பாரிஸுக்கு வந்த நாளிலிருந்து கேட்டிருக்கிறார்; தனக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டதில்லை.

"எங்கையாம்?"

"நொர்."

கோசலை அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "வடக்கோ? வடக்கிலை இருந்து வெளிக்கிட்டு வந்து இப்பதான் கொஞ்சம் மூச்சு விடுறம். திரும்பவும் வடக்குக்கோ?"

"இது வேற வடக்கப்பா. பெல்ஜியத்துக்குக் கிட்ட."

"எல்லா வடக்கும் ஒரு வடக்குத்தான். அபிவிருத்தி எண்டு சொல்லி ரோட்டுப் போடுவினம். ரோட்டாலை போறதுக்குத்தான் ஆக்கள் இருக்கமாட்டினம்."

ஆனாலும் வாமதேவன் அண்ணை விண்ணப்பித்தார். பாரிஸிலிருந்து இரண்டரை மணித்தியால ஓட்டம். ஊரின் பெயர் ஒர்மெய். நேர்முகத்துக்குப் போனால், நீள மேசைக்குப் பின்னால் ஒரு குழுவே இருந்ததாம். நடுவில் ஊர் மேயர் மதாம் துலாக், ஓய்வுபெற்ற மிருக வைத்தியர். ஆளைப் பார்க்கும்போது முதலில் பல்லைத்தான் பார்ப்பார் என்று அண்ணை பிறகு சொன்னார். எல்லாம் நல்லாய்த்தான் போனது. ஒரு கிழமையில் முடிவு வந்தது. வாமதேவன் அண்ணைக்கு இரண்டாம் இடம்.

"முதலாவது ஆர்?" என்று நான் கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை. நான் மட்டும்தான் போனது."

அவர் பகிடி விடவில்லை. முதலாம் இடத்துக்கு வேண்டிய தகுதிகளைக் குழு முன்கூட்டியே எழுதி வைத்திருந்தது. அந்தத் தகுதிகளோடு யாரும் வராததால் முதலாம் இடம் வெறுமையாக விடப்பட்டது. ஆனால் முதலாம் இடத்தவர் விலகினால்தான் இரண்டாம் இடத்தவருக்குக் கடையைக் கொடுக்கலாம் என்பது விதி. ஆகவே முதலாம் இடத்தவர் விலகுகிறாரா இல்லையா என்று ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தார்கள். ஆள் இல்லாததால் பதில் வரவில்லை. குறித்த காலத்துக்குள் பதில் தராதவர் விலகியதாகக் கருதப்படுவார் என்று இன்னொரு விதி இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

"உன்னை விடக் கெட்டிக்காரன் ஒருத்தன் இருந்திருக்கிறான், பிறக்காமல் விட்டிட்டான்" என்றார் ஞானசுந்தரம் அண்ணை. பிறகு குரலை மாற்றி, "வாமன், சொல்லுறதைக் கேள். அங்கை காகமும் போகாது. வானை ஆர் ஓடுறது?" என்றார்.

வானைக் கீர்த்தனன் ஓடினான். அவன் கலியாணம் முடித்துப் புதிது. சுற்ற ஆரம்பித்த முதல் கிழமையே அவனுக்குக் கழுத்து ஒரு பக்கம் திரும்பிவிட்டது.

கோசலை அக்கா மூன்று மாத விடுப்பு எடுத்துக்கொண்டு, பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளிக்கிட்டார். ஊருக்குள் போனதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு சுற்றுவட்டம். நடுவில் புல்லு, புல்லுக்கு நடுவில் கல்லால் செய்த ஒரு பெரிய பீற்றூட் கிழங்கு. சுற்றுவட்டம் என்றால் நாலு பக்கத்து ரோடும் வந்து சேரும் இடம். ஒர்மெயில் ரோடு ஒன்றுதான். அது ஒரு பக்கத்தால் வட்டத்துக்குள் போய், அரைவாசி சுற்றி, மறுபக்கத்தால் வெளியே வந்து, கடைக்கு முன்னால் முடிந்தது. முடிகிற இடத்தில் ஒரு பார்க்கிங். எங்கள் லா சப்பல் முழுவதையும் தூக்கி அதில் வைத்தாலும் இன்னும் இடம் மிஞ்சும். வெள்ளைக்கோடு போட்டு, மரம் வைத்து, மின்சாரக் கார்களுக்கு சார்ஜ் ஏற்றும் கம்பங்கள் நட்டு, ஒரு காரும் இல்லாமல் கிடந்தது. பக்கத்தில் கண்ணாடியால் ஒரு பஸ் தரிப்பிடம். அதிலிருந்த திரை, பஸ் எப்போது வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. பஸ்ஸும் வந்தது. ஒருவரும் இறங்கவில்லை.

"இவ்வளவும் ஆருக்கு?" என்று கோசலை அக்கா கேட்டார்.

மதாம் துலாக் பொறுமையாக விளங்கப்படுத்தினார். ஊருக்கு வேண்டியிருந்தது பாண் சுட்டு விற்க ஒரு கடை. பாணுக்குக் காசு ஒதுக்க அரசாங்கத்தின் கணக்கில் தலைப்பு இல்லை; ரோட்டுக்கு இருந்தது. ரோட்டுக்கு வந்த காசை மார்கழிக்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். திரும்பிப் போனால் அடுத்த வருடம் வராது. ஆகவே சுற்றுவட்டம். அடுத்த வருடம் பார்க்கிங். அதற்கு அடுத்த வருடம், இவ்வளவு பெரிய பார்க்கிங் இருந்தும் ஒரு கடை இல்லையே என்று மேலிடம் கேட்டது. அப்படித்தான் கடை வந்தது.

திறப்புவிழாவுக்கு சூ-ப்ரெஃபே வந்தார். எங்கள் பாஷையில் சொன்னால் உதவி அரசாங்க அதிபர். ரிபன் வெட்டி, தூரத்துப் பிரதேசங்களின் மீள் எழுச்சி பற்றி நெடுநேரம் பேசினார். ஊர்ச்சனம் முழுக்க வந்து வடை சாப்பிட்டது. நல்லாயிருக்கிறது என்று கைகொடுத்தது. அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. அவர்கள் காரில் ஏறி, சுற்றுவட்டத்தை அரைவாசி சுற்றி, தூரத்திலிருந்த பெரிய சந்தைக்குப் போவதுதான் வழக்கம். உதவி பெறும் கடை உள்ளூர் விளைபொருளும் விற்கவேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. உள்ளூரில் விளைவது பீற்றூட். அதை வீட்டுக்கு வீடு பின்வளவில் வைத்திருக்கும் சனம் ஏன் கடையில் வாங்கும்? விற்காத பீற்றூட்டைக் கோசலை அக்கா கறி வைத்தார், வறை செய்தார், சம்பல் போட்டார். வாமதேவன் அண்ணையின் நாக்கு சிவந்தபடியே இருந்தது.

மதாம் துலாக் மட்டும் ஒவ்வொரு நாளும் வந்து ஒரு மட்டன் ரோல் வாங்கினார். முதல் நாள் மரியாதைக்கு வாங்கினார். பிறகு மரியாதை இல்லாமலும் வாங்கினார்.

"நீர் இஞ்சை சந்தோசமாய் இருக்கிறீரோ?" என்று வாமதேவன் அண்ணை ஒருநாள் மனைவியிடம் கேட்டிருக்கிறார்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் ஆராவது கதவைத் திறந்தால் அந்த மணி கிணுங்குமெல்லோ, அதைக் கேக்க ஆசையாய் இருக்கு. நானே வெளியிலை போய்த் திறந்திட்டு வாறன்."

அந்த நிலைமையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனன் தன் மனைவி பூரணியைக் கூட்டிக்கொண்டு அண்ணையைப் பார்க்கப் போனான். காரைக் கொண்டுபோய்ப் பார்க்கிங் வாசலில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கினான்.

"அண்ணை, எங்கை விடுறது?"

"எங்கை வேணுமெண்டாலும் விடு."

கீர்த்தனனுக்கு அது விளங்கவில்லை. திரும்பவும் கேட்டான். அதே பதில்தான் வந்தது. ஒரு மரத்துக்குக் கீழே கொண்டுபோய் விட்டான். என்ஜினை நிறுத்தினான். ஹோர்ன் சத்தம் இல்லை. கண்ணாடியில் தட்டுவதற்குப் பொலிஸ் இல்லை. கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான். பூரணி இறங்கி உள்ளே போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால், கார் வேறொரு மரத்துக்குக் கீழே நின்றது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் குறுக்காக நின்றது. கீர்த்தனன் அழுதான் என்று பூரணி சொன்னாள். வெயில் கண்ணில் பட்டது என்று கீர்த்தனன் சொன்னான். எப்படியோ, வெறும் பார்க்கிங்கைச் சுற்றிச் சுற்றி ஒரு வீடியோ எடுத்துத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டான்.

எங்கள் சனத்துக்கு அந்த வீடியோவில் என்ன தெரிந்ததோ எனக்குத் தெரியாது. அடுத்த ஞாயிறு எபினேயிலிருந்து சில குடும்பங்கள் போயின. அதற்கடுத்த ஞாயிறு பொபினிக்காரர் போனார்கள். வாமதேவன் அண்ணை அவசரமாக முருங்கைக்காய், ராசவள்ளி, குரக்கன் மா, கருவாடு என்று எல்லாம் இறக்கினார். போகவர பெற்றோல், நெடுஞ்சாலைக் கட்டணம் எல்லாம் சேர்த்தால் ஒரு கட்டு முருங்கைக்காய் தங்கத்தின் விலைக்கு வரும். ஆனால் என் சலூனில் முடி வெட்ட வந்தவர்கள் எல்லோரும் ஒரே நியாயம்தான் சொன்னார்கள்: "பார்க்கிங் கிராத்துவி எல்லோ?"

சனம் சாமான் வாங்கியதோடு நிற்கவில்லை. மரங்களுக்குக் கீழே பாய் விரித்துப் புட்டும் கறியும் சாப்பிட்டது. பெரியபிள்ளையாகிச் சாமத்தியச் சடங்கு முடிந்த பிள்ளைகளைக் கொண்டுவந்து கல் பீற்றூட்டுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தது. எல்லாவற்றுக்கும் மேலே, பெண்கள் கார் ஓடப் பழகினார்கள். பாரிஸ் தெருவில் ஸ்டியரிங்கைத் தொடப் பயந்தவர்கள் ஒர்மெய் சுற்றுவட்டத்துக்குள் துணிந்து இறங்கினார்கள். பூரணி அவர்களில் முதல் ஆள். வட்டத்துக்குள் போக நன்றாகப் பழகிவிட்டாள். வெளியே வரத்தான் தெரியவில்லை. மற்றக் கார்கள் எல்லாம் ஒதுங்கி வழி விட்டாலும், வெளிவழி கிட்ட வரும்போது கண்ணை மூடிக்கொண்டு, திருப்பாமல் வட்டத்திலேயே போய்விடுவாள். பெற்றோல் தீரும்வரை, அல்லது கீர்த்தனன் கை பிரேக்கை இழுக்கும்வரை சுற்றுவாள்.

ஒருநாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருவர் வந்து பார்க்கிங்கின் கடைசி மூலையில் காரை விட்டார். வாமதேவன் அண்ணை நடையிலேயே ஆளைப் பிடித்துவிட்டார்.

"வாங்கோ முதலாளி."

"நான் சும்மா பெல்ஜியம் போற வழி" என்றார் ஞானசுந்தரம் அண்ணை. சொன்னவர் மாலை வரை அங்கேதான் நின்றார். காரை மூன்று இடங்களுக்கு மாற்றி மாற்றி விட்டுப் பார்த்தார். போகும்போது இரண்டு பை மிளகாய்த்தூள் வாங்கிக்கொண்டு போனார். அது அவருடைய கடையிலிருந்தே வாமதேவன் அண்ணை எடுத்துப்போன தூள்.

கோசலை அக்காவின் மூன்று மாத விடுப்பு எப்போது முடிந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. அவரும் கவனிக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் மறுபடியும் எட்டிப் பார்த்தது. சுற்றுவட்டத்துக்குக் காசு கொடுத்தபடியால் அதை யார் பாவிக்கிறார்கள் என்று அளக்கவேண்டுமாம். வட்டத்து ரோட்டுக்குக் குறுக்கே ஒரு கறுப்பு ரப்பர் குழாயைப் போட்டுவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு கார் ஏறி இறங்கும்போதும் அது தன்பாட்டில் எண்ணிக்கொண்டது. சில மாதங்களில் குழாய் என்ன சொன்னதென்றால், ஒர்மெய்க்கு வருகிற வாகனங்கள் ஒரு நடுத்தர நகரத்துக்கு வருகிற அளவு.

மேலிடம் மகிழ்ச்சி அடைந்தது. மகிழ்ச்சி அடைந்த கையோடு, ஒர்மெய் இனிமேல் தூரக் கிராமம் இல்லை என்றும் முடிவு செய்தது. தூரக் கிராமம் இல்லையென்றால் உதவி இல்லை. கடைக்கு நகரத்து வாடகை. பஸ் நிறுத்தப்படும், ஏனென்றால் பஸ் தூரக் கிராமங்களுக்கு உரியது. நெரிசலைக் குறைக்கப் பார்க்கிங்குக்குக் கட்டணம்.

மதாம் துலாக் இதைச் சொல்ல வந்தபோது ரோலைக்கூட வாங்கவில்லையாம். "மிசியே வாமா, நாங்கள் வெற்றி பெற்றுவிட்டோம். இனி அழிந்துபோவோம்" என்றார்.

அவர் மேலிடத்தில் சண்டை போட்டு ஒரு மறுஆய்வு வாங்கினார். ஒரு செவ்வாய்க்கிழமை ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பார். அந்த ஒரு நாள் மட்டும் ஒர்மெய் தூரமாக, தனியாக, பாவமாக இருக்கவேண்டும். வழமையாகச் செவ்வாயில் அவ்வளவு சனம் வராதுதான். ஆனாலும் முன்யோசனையாக வாமதேவன் அண்ணை லா சப்பலில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார்.

"செவ்வாய்க்கிழமை மட்டும் வராதேங்கோ. காரணம் கேக்காதேங்கோ. ஒருத்தரும் வரவேண்டாம்."

அவர் நல்ல மனிதர். ஆனால் இத்தனை வருடம் எங்கள் தெருவைச் சுற்றியும் அவருக்கு எங்கள் தெருவைத் தெரியவில்லை. போன் வந்து கொஞ்ச நேரத்தில் என் சலூனுக்குள் கதை வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை வரவேண்டாமாம். ஏனாம்? சொல்லமாட்டாராம். அப்ப ஏதோ இருக்கு. மலிவு விற்பனையாய் இருக்கும், வேண்டிய ஆக்களுக்கு மட்டும். இல்லை, ஊரிலிருந்து நேரே இறக்கின கறுத்தக்கொழும்பான் மாம்பழமாம். ஞானசுந்தரம் அண்ணை தெருவைக் கடந்து வந்து, "எனக்கும் சொன்னவன், வரவேண்டாம் எண்டு. எனக்கே சொல்லுறான் எண்டால் பார்" என்றார். செவ்வாய் காலை நான் சலூனைப் பூட்டிவிட்டு அவருடைய காரில் ஏறினேன்.

ஒர்மெய் பார்க்கிங் அன்றைக்குத்தான் முதல்முறையாக நிரம்பியது. பிறகு வந்தவர்களுக்கு இடம் இல்லாமல், பழக்கதோஷத்தில் ஹோர்ன் அடித்தார்கள். கடைக்குள் இருந்து வரிசை பஸ் தரிப்பிடம் வரை நின்றது. வாமதேவன் அண்ணை வாசலில் நின்று, "ஏன் வந்தனியள்? வரவேண்டாம் எண்டெல்லோ சொன்னனான்!" என்று கத்தினார். "அதுக்குத்தானே வந்தனாங்கள்" என்றது வரிசை.

அப்போது பஸ் வந்தது. அதிலிருந்து இள வயதுப் பெண் ஒருத்தி இறங்கினாள். தோளில் மடிக்கணினிப் பை. பஸ் சாரதி எழுந்து நின்று கைகொடுத்து வழியனுப்பினார். அந்தத் தரிப்பிடத்தில் அவர் இறக்கிவிட்ட முதல் ஆள் அவள்தான். நேரே கடை வாசலுக்கு வந்து, தான் ஆய்வுக்கு வந்திருப்பதாகப் பிரெஞ்சில் சொன்னாள்.

வாமதேவன் அண்ணை நாள்கணக்காக மனப்பாடம் செய்து வைத்திருந்த வசனம் ஒன்று இருந்தது. வேறு எதுவும் தோன்றாததால் அதையே சொன்னார். "மத்மசேல், இங்கே ஒருவரும் வருவதில்லை. மிகவும் தனிமையான ஊர்."

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு தமிழில் சொன்னாள்: "அங்கிள், உங்க பின்னாடி நூறு பேர் நிக்கிறாங்களே."

அண்ணை திரும்பி, அப்போதுதான் காண்பவர்போலப் பார்த்தார். "இவையோ? இவை சொந்தக்காரர்."

"எல்லாருமேவா?"

"யாழ்ப்பாணத்தார் எல்லாரும் ஏதோ ஒரு வழியிலை சொந்தம்தான், பிள்ளை."

அவள் பெயர் ஹரிப்பிரியா. சொந்த ஊர் கோயம்புத்தூர். பாரிஸில் படித்துவிட்டு, அரசாங்கத்துக்கு ஆய்வு செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. கோசலை அக்கா அவளை இருத்தித் தேத்தண்ணியும் ரோலும் கொடுத்தார். ஆய்வுக்கு வந்த இடத்தில் எதுவும் வாங்கிச் சாப்பிடக்கூடாது என்று அவள் சொன்னாள். "இது வாங்கிறது இல்லை, குடுக்கிறது" என்றார் கோசலை அக்கா. மதாம் துலாக் மூலையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

ஹரிப்பிரியா பிறகு குழாயைப் பார்க்கப் போனாள். நாங்களும் பின்னால் போனோம். சுற்றுவட்டத்துக்குள் பூரணி சுற்றிக்கொண்டிருந்தாள். கீர்த்தனன் பக்கத்து இருக்கையில் அயர்ந்து நித்திரை. ஒவ்வொரு சுற்றிலும் குழாய் 'டக் டக்' என்றது. ஹரிப்பிரியா முதலில் சிரித்துக்கொண்டு நின்றாள். பிறகு சிரிப்பு நின்றது. பூரணி கிட்ட வரும்போது கூடவே ஓடத் தொடங்கினாள்.

"அக்கா! எவ்வளவு நேரமா சுத்துறீங்க?"

"வந்ததிலை இருந்து!" கார் போய்விட்டது. அடுத்த சுற்றில்தான் மிச்சக் கதை.

"போன ஞாயித்துக்கிழமையும் நீங்கதானா?"

"எல்லா ஞாயிறும் நான்தான்! வெளியிலை போற வழி தெரியேல்லை, தங்கச்சி!"

ஹரிப்பிரியா மூச்சு வாங்க நின்றுவிட்டாள். ஒரு நடுத்தர நகரத்தின் போக்குவரத்து, சிவப்புக் காரில், வியர்த்து வழிந்தபடி, அவளைத் தாண்டி மறுபடியும் போனது.

"அங்கிள், இந்த ஊருக்கு இத்தனை வண்டி வரலை. இவங்க ஒருத்தர்தான் வந்திருக்காங்க."

பிறகு அவள் செய்தது எந்த ஆய்வு விதியிலும் இருக்காது. பையைக் கீழே வைத்துவிட்டு, வெளிவழி தொடங்கும் இடத்தில் போய் நின்று, இரண்டு கையாலும் போக்குவரத்துப் பொலிஸ்காரர்போல வழி காட்டினாள். "கண்ணை மூடாதீங்க! என்னையே பாருங்க! இப்ப திருப்புங்க, இப்ப!" பூரணி அலறிக்கொண்டே திருப்பினாள். கார் வெளியே வந்தது. கடை வரிசையில் நின்ற சனம் முழுக்கக் கைதட்டியது. கீர்த்தனன் திடுக்கிட்டு எழும்பி, "வீட்டை வந்திட்டமோ?" என்று கேட்டான்.

ஹரிப்பிரியா உள்ளதை உள்ளபடி எழுதினாள். இந்த ஊர் தூரமானதுதான்; ஆனால் ஞாயிற்றுக்கிழமை தூரமில்லை; குழாய் எண்ணியதில் பெரும்பங்கு ஒரே ஒரு பெண்மணி. மேலிடம் அதை வைத்துக்கொண்டு பல மாதம் யோசித்தது. தூரம் என்றும் சொல்ல முடியவில்லை, தூரமில்லை என்றும் சொல்ல முடியவில்லை. கடைசியில் புதிதாக ஒரு வகுப்பை உண்டாக்கினார்கள்: விட்டுவிட்டுத் தூரமான கிராமம். திங்கள் முதல் வெள்ளி வரை ஒர்மெய் தூரக் கிராமம். உதவி உண்டு, பஸ் உண்டு. சனி, ஞாயிறு அது நகரம். பார்க்கிங் கட்டண இயந்திரத்தையும் விடவில்லை, கொண்டுவந்து நட்டார்கள். ஆனால் அதைத் தூரக் கிராமத் தலைப்பிலிருந்து வாங்கியபடியால், தூரக் கிராமமாக இருக்கும் நாட்களில் மட்டுமே அது வேலை செய்யலாம். வார நாட்களில், ஒரு கார் இல்லாத பார்க்கிங்கில், அது பச்சை விளக்கோடு காசுக்குக் காத்து நிற்கும். சனிக்கிழமை விடிந்ததும் தானாக அணைந்துவிடும்.

கடை நின்று பிடித்தது. வாமதேவன் அண்ணை திங்கட்கிழமைகளில் தன் தனிமையை அனுபவித்தார். உட்கார்ந்து சாப்பிடப் பழகினார். கொஞ்சம் தொப்பை வைத்தது.

கோசலை அக்காவுக்குத்தான் ஆறுதல் இல்லை. வார இறுதியில் இரண்டரை மணித்தியாலம் காரில் வந்து இறங்கும் சனம், சாமானைப் பார்ப்பதற்கு முன்னால் தேடுவது வேறொன்றை. அரசாங்கம் கட்டிய அத்தனைக்குள்ளும் ஒரு கழிப்பறை இல்லை. எல்லோரும் மாடிப்படி ஏறி கோசலை அக்கா வீட்டுக்குத்தான் வந்தார்கள். சனிக்கிழமை தன் வீட்டுக் குளியலறைக்குத் தானே வரிசையில் நிற்பதாக அவர் சொன்னார். மேயரிடம் கேட்டால், கழிப்பறைக்குத் தலைப்பு இல்லை என்றார்.

இதற்கிடையில் மார்ச் மாதம் உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. மதாம் துலாக் வாமதேவன் அண்ணையைத் தன் அணியில் சேர்க்க நினைத்திருந்தார். ஆனால் இந்த முறையிலிருந்து சின்னக் கிராமங்களிலும் ஆண் ஒன்று பெண் ஒன்று என்று மாறி மாறி நிறுத்தவேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. ஆண்கள் மிதமிஞ்சி இருந்தார்கள். ஒரு பெண்தான் குறைந்தது. ஆகவே, வடக்குக்குப் போகவே விரும்பாத கோசலை அக்கா, ஒர்மெய் நகரசபை உறுப்பினர் ஆனார். போட்டியிட வேறு அணி இருக்கவில்லை. இந்த முறை முதலாம் இடத்தை யாருக்காகவும் வெறுமையாக விடவும் இல்லை.

சூ-ப்ரெஃபே வந்திருந்த ஒரு கூட்டத்தில், அந்த வருடக் காசை என்ன செய்வது என்று பேச்சு நடந்தது. இரண்டாவது சுற்றுவட்டம் ஒன்று போடலாம் என்று ஒருவர் சொன்னார். கோசலை அக்கா எழும்பினார். அவருடைய பிரெஞ்சு முழுவதும் பள்ளிக்கூடச் சாப்பாட்டறையில் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் படித்தது. அதை அவர் மறைக்கவில்லை. சூ-ப்ரெஃபேயை நேரே பார்த்துக் கேட்டார்:

"மிசியே, பிப்பி, சே ஊ?"

ஒன்றுக்குப் போவது எங்கே என்பதுதான் கேள்வி. சூ-ப்ரெஃபே பதில் தேடிக் கோப்பைப் புரட்டினார். அன்று காலை அவரும் தூரத்திலிருந்துதான் வந்திருந்தார். இடைவேளையில் அவரும் மாடிப்படி ஏறவேண்டி வந்தது என்று வாமதேவன் அண்ணை சத்தியம் செய்கிறார்.

கழிப்பறைக்குத் தலைப்பு கிடைக்கவில்லைதான். 'பயண இடைத்தங்கல் உட்கட்டமைப்பு' என்ற தலைப்பு கிடைத்தது. கண்ணாடிக் கூரை, சூரியத் தகடு, சைக்கிள் சாத்தக் கம்பி எல்லாவற்றோடும் அது எழும்பியது. உள்ளே, யாருடைய தவறாலோ, உண்மையான கழிப்பறையும் இருந்தது.

திறப்புவிழாவை ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். லா சப்பலிலிருந்து நாங்கள் நிறையப் பேர் போயிருந்தோம். வழியில் நெடுஞ்சாலை முழுக்க நெரிசல். நாங்கள் வந்து இறங்கியதும், கதவுக்குக் குறுக்கே கட்டிய ரிபனுக்கு முன்னால் சூ-ப்ரெஃபே பேசத் தொடங்கிவிட்டார். தூரம் என்றால் என்ன என்றார். குடியரசு என்றால் என்ன என்றார். கோசலை அக்கா சேலையில், கையில் கத்தரிக்கோல் வைத்த தட்டோடு பக்கத்தில் நின்றார். யசோதினி படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஞானசுந்தரம் அண்ணை என் பக்கத்தில் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார். பேச்சு மூன்றாவது தாளுக்குப் போனபோது அவருக்குப் பொறுக்கவில்லை. "மிசியே, பார்தோன், நீங்கள் கதையுங்கோ" என்று சொல்லிவிட்டுக் குனிந்து, ரிபனுக்குக் கீழால் நுழைந்து, கதவைத் திறந்து உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டார்.

கோசலை அக்காதான் முதலில் கைதட்டத் தொடங்கினார். சனம் சேர்ந்துகொண்டது. சூ-ப்ரெஃபே தாளை மடித்து, நெஞ்சில் கை வைத்து, எல்லோருக்கும் நன்றி சொன்னார்.